ஊன்றத் தயங்கிய கால்

கீழ்வானின் விளிம்பை விட்டு எழுந்த கதிரவன், மாநகரின் கூரைகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எழுப்பி, முடிந்தும் முடியாமலும் நின்ற அடுக்குமாடங்களின் கம்பிக் கூர்களில் ஒளியைக் கோத்து, அவற்றின் அடியில் குவிந்து கிடந்த வெறும் மணலைச் சற்றே பொன்னென்று மயங்கச் செய்து, பின் அம்மயக்கத்தைத் தானே கலைக்க விரும்பியவன்போல் வெம்மையைச் சொரியத் தொடங்கிய முற்பகல் வேளை அது. தெருவெங்கும் ஊர்திகள் ஒன்றையொன்று வைதுகொண்டே நகர்ந்தன. குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளங்களைத் தாண்டுவதற்கென்றே கால்களைப் பழக்கியிருந்த மக்கள், தாண்டுவதாய் நினைக்காமலே தாண்டிச் சென்றார்கள். நாள்தோறும் வளர்ந்தும் ஒருநாளும் முடியாத நகரம் அது, என் கண்மணிகளே. அத்தகைய நகரங்கள் உலகில் பல உண்டு.

அந்நகரத்தின் ஒரு நெடுந்தெருவில், மெத்தை விற்கும் கடையொன்றின் தலைக்குமேல், மூன்றாம் மாடியில், வெயில் நுழையாவண்ணம் சாளரங்களுக்கெல்லாம் கறுந்துணி கட்டிய நீண்ட கூடம் ஒன்று இருந்தது. எழுதுகோல் முனை பட்டதும் கோடு விளங்கும் கண்ணாடித் திரைகளின் முன் நாற்பது பேர் கூன்விழக் குனிந்திருந்து, கடல்கடந்த நாட்டுக் குழந்தைகள் காலையில் கண்டு சிரிக்கும் கரடிகளையும் முயல்களையும் அங்கே வரைந்தார்கள். கரடி கையை உயர்த்தும் முதற்படம் அயல்நாட்டிலிருந்து வரும். கையைத் தாழ்த்தும் கடைசிப் படமும் அங்கிருந்தே வரும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை மட்டுமே இவர்கள் வரையவேண்டியவை. பனியைக் கண்ணாலும் கண்டிராத அவர்கள், பனியில் வழுக்கி விழும் கரடியைப் பதினோராண்டாய் வரைந்து வந்தார்கள். அதுவும் ஒரு மயிரிழை பிசகாமல் வழுக்கியது.

பிசகாமைக்குக் காரணம் ஒருத்தி. வாயிலை ஒட்டிய கடைசி இருக்கையில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாய் இருந்த நாற்பத்தாறு அகவைப் பெண்மணி அவள். எவர் வரைந்த படமாயினும் அவள் கண்ணில் சலிக்கப்பட்ட பின்னரே வெளியேறும் ஆதலால், கூடத்தார் அவளைச் சல்லடையக்கா என்றழைத்தனர். நாளடைவில் அவள் கணவரும் அப்பெயராலேயே அழைக்கத் தொடங்கி, சிலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டார். குறையுள்ள படங்களை அயல்நாட்டார் சிவப்புக் கோடிட்டுத் திருப்பி அனுப்புவது வழக்கம். கடந்த ஒன்பதாண்டுகளில் அக்கூடத்துக்கு அப்படி ஒரு படமும் திரும்பவில்லை. தரம் என்னும் சொல்லுக்கு அங்கே வழங்கிய பொருள் அது ஒன்றே: திரும்பி வராமை.

இவ்வாறிருக்க, ஆண்டின் தொடக்கத்தில் முதலாளிக்கு ஓர் ஆசை பிறந்தது. அயல்நாட்டில் நடக்கும் ஒரு போட்டிக்கு ஏழு நிமிடப் படமொன்றைத் தம் கூடத்தாரே கதை சொல்லி, வரைந்து, இசையமைத்து அனுப்பவேண்டும். தேர்வானால் இடைப்படம் வரையும் பிழைப்பை விட்டு இனித் தம் கதைகளையே சொல்லும் கூடமாக அதனை மாற்றிவிடலாம் என்று அவர் அனைவர் முன்னும் உறுதி கூறினார். கதை சொல்ல முன்வந்தவள், உருவத்தால் சிறியவளாகையால் சிட்டு என்று பெயர்பெற்ற இளம் ஓவியக்காரி. அவளைப் பெற்றவள், கட்டடங்களில் கல் சுமந்தே மகளைப் படிக்கவைத்தவள். தலையில் செங்கல் அடுக்கிய ஒரு பெண், எழும்பிக்கொண்டிருக்கும் மாடமொன்றின் சாய்பலகைகளில் ஏறி, உச்சியை அடைந்து, தான் சுமந்த கல்லால் ஆன நகரத்தை முதன்முறையாக மேலிருந்து காண்கிறாள். சிட்டுவின் கதை அவ்வளவே.

இசை வந்த வழியோ எவரும் எண்ணாதது. சல்லடையக்காளின் தம்பி முழவு வாசிப்பவன். மணவிழாக்களிலும் மேடைகளிலும் வாசித்து, நல்ல கை என்று பெயரெடுத்து, அப்பெயரால் பெரும்பயன் எதுவும் காணாதவன். தமக்கை வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் மாடியேறி வந்தவன், வாயிலிலேயே நின்றுவிட்டான்.

"அக்கா, அந்தப் பொண்ணு பலகையில என்ன தட்டுது?"

"நடைக்குக் கணக்கு. ஒரு அடிக்கு எத்தனை படம்னு எண்ணுவாங்க. நீ கெளம்பு, எனக்கு வேலை கெடக்கு."

"கணக்கா? அது ஏழு எண்ணிக்கைத் தாளம்க்கா. மூணு, நாலு. மூணு, நாலு. யார் கத்துக்குடுத்தா இதுக்கு?"

எவரும் கற்றுக்கொடுக்கவில்லை. சிட்டு தன் தாயின் நடையை விரலால் நினைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவே. அன்று தொடங்கி இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். இவள் விரல் தட்டுவதை அவன் முழவில் வாங்கி, அவன் முழவு விட்ட இடைவெளியில் இவள் படத்தில் காலை நிறுத்தி, இசை முந்தியதா படம் முந்தியதா என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டும் ஒன்றையொன்று ஈன்று வளர்ந்தன. சல்லடையக்காளுக்கு அதனைக் காண நேரமில்லை. அயல்நாட்டுக் கரடி அவ்வாண்டும் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது.

படம் அனுப்பவேண்டிய நாளுக்கு முந்தின நாள் அது. இசையை இறுதியாகப் பதிவுசெய்யச் சிட்டுவும் முழவுக்காரனும் நகரின் மறுகோடியிலிருந்த ஒலிக்கூடத்துக்குச் சென்றிருந்தனர். பகலுணவு முடிந்து கூடம் சற்றே கண்ணயர்ந்த பொழுதில், முடிந்த படவரிசை சல்லடையக்காளின் திரைக்கு வந்து சேர்ந்தது. அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு முதற்படத்தைத் திறந்தாள்.

கண்மணிகளே, நொடிக்கு இருபத்துநான்கு படம், நடக்கும் காலுக்கு அடிக்குப் பன்னிரண்டு. அவள் இருபத்தோராண்டு காத்த அளவு அது. கல் சுமந்தவளின் முதலடி பன்னிரண்டு படம் எடுத்தது; சரி. இரண்டாமடியோ பதினாறு. முன்வைத்த கால் பலகையைத் தொடுமுன் நான்கு படம் வெறுமனே காற்றில் நின்றது. மூன்றாமடி பன்னிரண்டு, நான்காமடி மீண்டும் பதினாறு. பாவம், கடைசி நேரத்தில் பிள்ளை தடுமாறிவிட்டது என்றெண்ணி, அவள் நெஞ்சு உருகியது. இது எவனோ ஒருவனின் கரடி அன்று. இது நம் படம். இதில் ஒரு குறையும் எவர் கண்ணிலும் படலாகாது. விழாவுக்குப் புறப்பட்டு நிற்கும் மகளின் உடையில் தொங்கும் நூலைத் தாய் பல்லால் கடித்து எடுப்பதுபோல, அத்தனை பரிவோடு, அத்தனை பொறுமையோடு, ஐம்பத்தொன்பது இடங்களில் தயங்கிய அந்த நந்நான்கு படங்களை அவள் ஒவ்வொன்றாய் நீக்கினாள். நீக்கியவை இருநூற்று முப்பத்தாறு. கதிர் சாயும்போது, கல் சுமந்தவள் உலகத்துக் கரடிகள் எல்லாம் நடப்பதுபோல் ஒரே சீராய் நடந்தாள். உழைப்பின் நிறைவோடு முதலாளியிடம் படத்தை ஒப்படைத்துவிட்டுச் சல்லடையக்கா வீடு சென்றாள்.

மறுநாட்காலை கூடத்தார் அனைவரும் திரைமுன் குழுமினர். படம் ஓடியது, புதிதாய்ப் பதிந்த முழவும் ஒலித்தது. கல் சுமந்தவள் முதல் மாடி ஏறும்வரை ஏதோ நெருடலாய் இருந்தது, இரண்டாம் மாடியில் பிளவாயிற்று. உச்சியை அவள் அடைந்து நகரத்தைக் கண்டு நின்றபோது முழவு இன்னும் பத்து நொடி தொலைவில், எவர் காலுமற்ற பலகைகளில் தனியே ஏறிக்கொண்டிருந்தது. எவனோ சிரிப்பை அடக்கினான். சிட்டு சிரிக்கவுமில்லை, அழவுமில்லை; தன் திரைக்குப் போய் வரிசையைத் திறந்து பார்த்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"காலை யார் வெட்டினது?" என்றான் முழவுக்காரன்.

"நான்தான்டா," என்றாள் தமக்கை. "ஒரு அடி விட்டு ஒரு அடி கால் அந்தரத்துல நிக்குது. தப்புன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"தப்பு இல்லக்கா," என்றாள் சிட்டு, குரல் உயராமல். "தலையில பதினாறு கல் இருந்தா எங்கம்மாவால குனிஞ்சு பாக்க முடியாது. கழுத்தை அசைச்சா கல் சரியும். அதனால காலுதான் பாக்கும். அடுத்த பலகை இருக்கா இல்லையான்னு காலுதான் தேடும். தேடிட்டுத்தான் ஊனும்."

சல்லடையக்காளுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் முந்தின நாள் பிற்பகல் முழுதும் நீக்கியது பிழையன்று, ஒரு பெண்ணின் அச்சம். விழாமல் இருப்பதற்காக ஓர் உடல் வாழ்நாள் முழுதும் கற்ற அறிவு. அக்கூடத்தில் இருபத்தோராண்டில் வரையப்பட்ட பல நூறாயிரம் அடிகளுள் எவருக்கும் கடன்படாத அடிகள் அவை ஐம்பத்தொன்பதே. அவ்வத்தனையையும் தன் கையே துடைத்தது. அவள் கண்ணாடியைக் கழற்றினாள், மீண்டும் மாட்டினாள். பின் நேரே முதலாளியின் அறைக்குள் சென்றாள். தம்பியும் பின்தொடர்ந்தான்.

"எடுத்ததெல்லாம் இருக்கு சார். திருப்பிச் சேர்த்துடறேன். ரெண்டு மணி நேரம் குடுங்க, போதும்."

முதலாளி கொடியவர் அல்லர். அயல்நாட்டார் வாயிலில் காத்துக் கிடந்தே முடி நரைத்தவர். அவர்கள் புருவம் ஏறுவதையும் இறங்குவதையும் வானிலை போல் படித்தறிந்தவர். அவர் திரையை ஒருமுறை மீண்டும் ஓடவிட்டு, இசையை அணைத்துப் பார்த்தார்.

"வேணாம்க்கா. நல்லாத்தானே இருக்கு. நேத்து வரைக்கும் எனக்கே பயமா இருந்துச்சு. இப்பதான் வெளிநாட்டுப் படம் மாதிரி நடக்குது."

"வெளிநாட்டுப் படம் மாதிரி நடக்கறதுக்கு இந்தப் படத்தை ஏன் சார் ஆரம்பிச்சோம்?"

"பாக்கறவங்களுக்கு அந்தம்மா கதை தெரியுமா? இவங்களுக்கு நடையே வரையத் தெரியலன்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. மியூசிக்கை மட்டும் உங்க தம்பி கொஞ்சம் நேரா, நாலுல வாசிச்சுக் குடுத்துடட்டும்."

"நேராவா," என்றான் முழவுக்காரன். "அந்தம்மாவைக் கல்லை இறக்கி வெச்சிட்டு வரச் சொல்லுங்க சார். நேரா வாசிக்கிறேன்." சொன்னவன் முழவை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

சல்லடையக்கா போகவில்லை. "இருபத்தோரு வருஷமா நான் தப்புன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம நிறுத்துவீங்க. இப்ப சொல்றேன், அந்த நடை சரி. நான் செஞ்சதுதான் தப்பு."

முதலாளி வருத்தத்தோடுதான் சொன்னார். "தப்புன்னு சொல்லத்தான்க்கா நீங்க இருக்கீங்க. சரின்னு சொல்றதுக்கு அவங்க இருக்காங்க."

ஆயத்தமாய் விலைக்குக் கிடைக்கும் இசைத் தொகுதியொன்றிலிருந்து சீரான ஓசையொன்றை எடுத்து ஒட்டி, நண்பகலுக்குள் படத்தை அனுப்பிவிட்டார்கள். கூடத்தார் கைதட்டினார்கள். சிட்டுவும் தட்டினாள்.

இரண்டு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. கோடுகள் மிகத் தூய்மையாக உள்ளன; எனினும் இத்தகைய நடையை முன்பே பல படங்களில் கண்டிருக்கிறோம் என்பதால் தேர்ந்தெடுக்க இயலவில்லை என்று அதில் எழுதியிருந்தது. முதலாளி முற்பாதியைக் கூடத்தாருக்கு இருமுறை உரக்கப் படித்துக் காட்டினார். பிற்பாதியை, சுவரில் ஒட்டப்பட்ட தாளில் சல்லடையக்கா தானே படித்துக்கொண்டாள். தூய்மையைக் கண்டு மகிழ்ந்த அயல்நாட்டு நிறுவனம் ஒன்று மூன்றாண்டுக்குப் போதுமான கரடி வேலையை அக்கூடத்துக்கே அளித்தது. அனைவருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. தம் கதைகளைச் சொல்லும் கூடம் என்ற பேச்சை அதன்பின் முதலாளி எடுக்கவில்லை; எடுக்காததை எவரும் கேட்கவுமில்லை.

அன்று மாலை அவள் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தாள். "என் மேல கோவமாடா?"

"உன் மேல என்னக்கா கோவம். வாசிக்கப் போற எடத்துல எல்லாம் நாலுதான் கேக்கறாங்க. நானும் வாசிச்சிட்டுத்தான் வரேன். நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். தம்பி சினந்திருந்தால், நாலு வார்த்தை ஏசியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருக்கலாம்.

புதிய வேலையின் முதற்கட்டு மறுவாரம் அவள் திரைக்கு வந்தது. சிட்டு வரைந்தது, கரடி தன் குட்டியோடு நெடுந்தொலைவு நடந்து செல்லும் காட்சி. சல்லடையக்கா கண்ணாடியை இறக்கிக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. எங்கேனும் ஓரடி நீண்டிருக்கும், எங்கேனும் ஒரு கால் காற்றில் ஒரு படமேனும் கூடுதலாய் நின்றிருக்கும் என்று அவள் தேடினாள். வாழ்நாளெல்லாம் குறை கண்டு களைந்த கண்கள், ஒரேயொரு குறைக்காக அன்று ஏங்கின. கடைசிப் படம்வரை சென்றவள், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாள். இரண்டாம் முறையும் எதுவும் அகப்படாமற்போகவே, எழுந்து சிட்டுவின் அருகே போய் நின்றாள்.

"சிட்டு, எங்கயாச்சும் ஒரு எடத்துல... வேணும்னே ஏதாவது விட்டு வெச்சிருக்கியா?"

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அம்முகத்தில் சினம் இல்லை, பகை இல்லை, நன்கு துடைத்த கண்ணாடியில் இருக்கும் தெளிவு மட்டுமே இருந்தது.

"இல்லக்கா. எல்லாம் பன்னிரண்டுதான். இனிமே நீங்க சிரமப்படவே வேணாம்."

திறமை இல்லாத நாடு என்று எந்நாட்டையும் எவரும் சொல்லிவிடலாம், என் கண்மணிகளே, சொல்வது எளிது. பிறர் அளவுக்குள் அடங்கி நிற்பதையே தரமென்று கற்றுக்கொடுத்து, அந்த அளவை மீறிப் பிறந்த ஒன்றை அன்போடு, கண்ணுங்கருத்துமாய், நம் கையாலேயே நறுக்கி எறிந்துவிட்டு, பின்னர் நம்மிடம் புதிது எதுவும் இல்லையே என்று நாமே வருந்துவதை எப்பெயரால் அழைப்பது என்றுதான் தெரியவில்லை. சல்லடையக்கா தன் இருக்கைக்குத் திரும்பிவந்து, குறையில்லை என்று குறித்து, கையெழுத்திட்டாள். கறுந்துணிக்கு அப்பால் வெயில் தெருவை எரித்தது. கூடத்துள் நாற்பது திரைகளிலும் பனி பெய்தது. அப்பனியில் நாற்பது கரடிகள் ஒரே அளவில் அடியெடுத்து வைத்து நடந்தன. அவற்றுள் ஒன்றும் தயங்கவில்லை.