மஞ்சள் உலோகம்

மனோஜ்குமார் கழற்றி வைத்த கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் நிச்சயதார்த்தத்தன்று என் அப்பா சென்னப்பன் அவன் கையில் கட்டிவிட்ட வாட்ச் அது. பத்திரிகை அடித்த பிறகு, ‘கவரிங் வாட்சக் குடுத்து ஏமாத்திட்டாங்க’ என்று எங்கள் ஊர் கொள்ளேகால் முழுக்கச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினார்கள். புடவையும் மோதிரமும் திரும்பி வந்தன. வாட்சைக் குப்பையில் போட்டுவிட்டார்களாம். அன்றிலிருந்து அப்பா எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

நான் மைசூருக்கு வந்து வாட்ச் ரிப்பேர் கற்று இந்தக் கடையில் சர்வீஸ் பார்ப்பது அவனுக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் முகம் வெளிறியது. பக்கத்தில் வருங்கால மாமனார் சீனிவாசன் நின்றதால் முன்பின் தெரியாதவன்போல் கூரையைப் பார்த்தான். வசமாக மாட்டினான் என்று நினைத்துக்கொண்டேன்.

“எங்க மாப்ளயோட தாத்தா வாட்சும்மா. முகூர்த்தத்துக்குக் கட்டணும். பளபளன்னு பண்ணிக் குடுங்க,” என்றார் அவர்.

பின்மூடியைத் திறந்தேன். சாவி கொடுத்து ஓடும் சுவிஸ் வாட்ச். யார் கண்ணிலும் படாத சக்கரங்களின் ஓரத்தைக்கூட மெருகேற்றியிருந்தார்கள். மூடியின் உட்புறம் பதினெட்டு காரட் முத்திரை. போயும் போயும் இவன் கையிலா இது ஓடியது என்று ஆத்திரமாக வந்தது.

எங்கள் கடை ரசீதில் தங்கத்தைத் தங்கம் என்று எழுத மாட்டோம். பின்னால் வம்பு வரக்கூடாதென்று ‘மஞ்சள் உலோகம்’ என்றுதான் எழுதுவோம். அப்படியே எழுதி, வேண்டுமென்றே சத்தமாகப் படித்தேன்.

சீனிவாசனுக்குச் சுருக்கென்றது. “என்ன மாப்ளே, தங்கம்னுதானே சொன்னீங்க?”

“சார் வாயால சொன்னா தங்கம்னே எழுதிடறேன்,” என்றேன் மனோஜைக் காட்டி.

மனோஜ் குனிந்து ரசீதைப் பார்த்தான். “தங்கம்தான்.”

“கவரிங் இல்லையே?”

“சுத்தத் தங்கம்.”

அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் எடுத்ததும் ஸ்பீக்கரை ஆன் செய்து, கண்ணாடி மேஜைமேல் வைத்தேன்.

“சார்,” என்றேன் சீனிவாசனிடம். “இந்த வாட்ச இவருக்குப் போட்டது எங்கப்பா. கவரிங்னு சொல்லித்தான் என் கல்யாணத்த நிறுத்துனாங்க. இப்ப சொன்னத எங்கப்பாகிட்டயும் சொல்லச் சொல்லுங்க.”

மனோஜ் வாட்சை எடுக்கக் கை நீட்டினான். சீனிவாசன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “நிஜமா? மொதல்ல சொல்லுங்க.”

“தங்கம்தாங்க, மாமா,” என்று போனைப் பார்த்து அப்பாவிடம் முனகினான்.



“இன்னொருக்கா சொல்லச் சொல்லு, கண்ணு,” என்றார் அப்பா. “உங்கம்மாவும் கேக்கட்டும்.”