தூசி என்று அழித்தது

அலுவலகத்தில் அவளைத் தூசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்வதில்லை, செய்கிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பழைய படச்சுருளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியதும், பிரேம் பிரேமாகப் பார்த்துத் தூசி, கீறல், பூஞ்சை எல்லாவற்றையும் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்துநாலு பிரேம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

அந்த மாதம் கைக்கு வந்தது ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஓர் இத்தாலியத் திகில் படம். புதுப்பித்து ப்ளூரே டிஸ்க்காக வெளியிடப் போகிறார்கள். இந்த மாதிரிப் படங்களுக்கென்றே உலகம் முழுக்க ஒரு பித்துப்பிடித்த கூட்டம் உண்டு. பெயின்ட் மாதிரி ரத்தம், கறுப்புக் கையுறை போட்ட கொலைகாரன், வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமுமாகப் போகும் கதாநாயகி. படப்பிடிப்பில் ஒலியே பதியவில்லை. பேச்சும் அலறலும் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்தவை. கொலைகாரனின் கைக்கும் தனி நடிகர் கிடையாதாம். அன்றைக்கு யார் சும்மா நிற்கிறாரோ அவர் கையுறையை மாட்டிக்கொள்வார் என்று டிஸ்க்கில் சேர்க்கப்போகும் பேட்டியில் கிழட்டு ஒளிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இந்தப் படத்தை அவள் மல்லுக்கட்டித்தான் வாங்கினாள். காரணம், அம்மா. அம்மாவுக்குப் பத்தொன்பது வயதில் அந்தக் குழு இவர்கள் ஊருக்கு வெளியே ஒரு பங்களாவில் பன்னிரண்டு நாள் தங்கிப் படம் எடுத்தது. உடை துவைக்கிற வேலை அம்மாவுக்கு. ஒரே சட்டையிலிருந்து தினமும் பொய் ரத்தத்தைக் கசக்கி எடுத்தாளாம். "நானும் அந்தப் படத்துல இருக்கேன்" என்று வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். அப்பாதான் முதலில் சிரிப்பார். "நட்சத்திரம் வந்துட்டாங்க, வழி விடுங்க" என்பார். வீடே சிரிக்கும். அவளும் சிரித்தவள்தான். போன வருடம் அம்மா போனபிறகு அந்தச் சிரிப்பு அவளை ஓயாமல் குத்திக்கொண்டிருந்தது. ஒரு தடவையாவது அம்மாவைக் கண்டுபிடித்து அப்பாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று மனதுக்குள் சபதமே எடுத்திருந்தாள்.

எங்கே பார்க்க வேண்டும் என்றுகூட அம்மா சொல்லியிருந்தாள். கதாநாயகி இடிமழையில் தோட்டத்தில் ஓடும் காட்சி, மாடியில் இடது கோடி ஜன்னல். துடைத்து முடித்த பிரதியில் அந்த இடத்தை அவள் முப்பது தடவையாவது ஓட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. பாவம், அம்மா ஆசைக்குச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் கோப்பு டிஸ்க் அச்சுக்குப் போகிறது. அம்மா வேலை பார்த்த பங்களாவையாவது காட்டலாம் என்று அப்பாவை மதியம் அலுவலகத்துக்கு வரச் சொன்னாள். ஏற்கெனவே மூன்று தடவை அவர் முழங்கால் வலி, மழை என்று சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருந்தார். துக்கம் இன்னும் ஆறவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். இந்தத் தடவை வண்டி அனுப்பி அழைத்து வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

காட்சி ஓடியது. தோட்டம், மழை, கதாநாயகியின் அலறல், ஒரு மின்னல். அப்பா அந்த நேரம் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பின்னால் போய் மறுபடி ஓட்டினாள். மறுபடியும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் மின்னல் அடிக்கும் பிரேமில் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் பொறி தட்டியது. பங்களாவின் ஜன்னல்கள் எல்லாம் பளிச்சென்று மின்ன, இடது கோடி ஜன்னல் மட்டும் கறுப்பாக இருந்தது.

துடைப்பதில் கணினிக்கு ஒரு சட்டம் உண்டு. முந்தின பிரேமிலும் இல்லாமல், அடுத்ததிலும் இல்லாமல், நடுவில் ஒன்றில் மட்டும் ஏதாவது தெரிந்தால் அது தூசி; அதை அழித்துவிட்டு முந்தின பிரேமில் அந்த இடம் எப்படி இருந்ததோ அதை ஒட்டிவிடும். மின்னலும் அந்தக் கணக்கில்தான் வரும். அதனால்தான் ஒவ்வொன்றுக்கும் அழிக்கலாமா என்று அது கேட்கும். ஆள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை ஆம் என்று தட்டுகிற விரல் எத்தனை தடவை பார்க்கும்? அழித்தவற்றின் பட்டியலைத் திறந்தாள். அந்தப் பிரேம் இருந்தது. எதிரே அவளுடைய அடையாள எண் இருந்தது.

துடைக்காத மூல ஸ்கேனை எடுத்து, ஜன்னலைப் பெரிதாக்கினாள்.

அம்மா இருந்தாள். பத்தொன்பது வயது அம்மா, ஜன்னல் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு. கண்கள் கேமராவை நேராகப் பார்த்தன. வாய் தெரியவில்லை. கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை அதைப் பொத்தியிருந்தது. இன்னொரு கை கழுத்தை வளைத்துப் பிடித்திருந்தது. கைக்குரியவன் இருட்டில் இருந்தான். அந்த இடத்தில் ஒலித்தது கதாநாயகிக்காக எவளோ ஸ்டூடியோவில் அலறிய அலறல். அம்மா கத்தியிருந்தாலும் பதிந்திருக்காது.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

கழற்றிய கண்ணாடியைத் துடைத்தபடியே அவர் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தின வாரமே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இனிமேல் யாரிடமும் சொல்லக் கூடாது என்று இவர் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அம்மா வாக்கு மாறவில்லை. படத்தில் இருக்கிறேன் என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவ சொல்ல ஆரம்பிச்சாலே எனக்குப் பதறும்மா. மீதியையும் சொல்லிடுவாளோன்னு. அதான் முந்திக்கிட்டு சிரிச்சிடுவேன்."

நாற்பத்தைந்து வருடம் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அம்மாவை அவள் நினைத்துக்கொண்டாள். ஒருத்தராவது எழுந்து போய்ப் பார்ப்பார்களா என்று பார்த்திருக்கிறாள். கடைசியில் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற மகள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஆம் என்று தட்டினாள்.

"இப்ப அது படத்துல இல்லைதானே? அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டும்மா. உலகமே பார்க்கணுமா?" அப்பாவின் குரல் கெஞ்சியது. அவர் பொல்லாதவர் இல்லை. அம்மாவைப் பூப்போல வைத்திருந்தவர். அதனால்தான் அவள் குரலை உயர்த்தவில்லை.

"நான் தெரியாம அழிச்சேன்பா" என்றாள்.

மூலப் பிரேமிலிருந்து ஜன்னலை எடுத்துப் பழையபடி பொருத்தினாள். அழிக்கலாமா என்று கணினி மறுபடியும் கேட்டது. இல்லை என்று தட்டினாள். பிறகு காட்சியை முதலிலிருந்து ஓட்டிவிட்டு, அப்பாவின் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி, அவர் முகத்தில் மாட்டிவிட்டாள்.