இருபத்திரண்டு நிமிடங்கள்

ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடிக்கும். எழுந்து, கெட்டிலில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவேன். அது கொதிப்பதற்குள் பல் துலக்கி முடித்துவிடலாம். இரண்டு துண்டு ரொட்டி, மேலே காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம். நின்றபடியே சாப்பிடுவேன். வாரத்துக்கான ஐந்து சட்டைகளை ஞாயிற்றுக்கிழமையே தேய்த்து வைத்திருப்பேன். கிளம்பும்போது சாவி, கைபேசி, வேலை அட்டை, பர்ஸ் என்று தொட்டுப் பார்ப்பேன். பர்ஸில் பணத்துக்குப் பின்னால் ஒரு சீட்டு. அதையும் பார்த்துக்கொள்வேன். ஆறரைக்கு கூலாயிலிருந்து கார் கிளம்பும்.

மருத்துவமனையில் அந்தக் கூட்டம் நடந்த செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் கிளம்பினேன்.

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் கணினியில் இருக்கின்றன. அவற்றை வைத்து, சிகிச்சை ஒழுங்காக நடக்கிறதா என்று மாதாமாதம் அளந்து அறிக்கை கொடுப்பது என் வேலை. ரத்தத்தில் கிருமி பரவிய நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். டாக்டர் மருந்து எழுதிய நேரத்திலிருந்து கணக்கு. ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் அறிக்கையில் அவர் வரி பச்சை, தாண்டினால் சிவப்பு. எங்கள் அளவு தொண்ணூற்றாறு சதவீதம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

போன வருடம் மார்ச் மாதம் என் மனைவி கிறிஸ்டின் இதே மருத்துவமனையில் இறந்தாள். சிறுநீரகத்தில் தொற்று, அது ரத்தத்துக்குப் போய்விட்டது. வயது இருபத்தொன்பது.

இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் மார்ச் அறிக்கையை நான்தான் எடுக்க வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து பெயர்கள். நாற்பத்து மூன்று பச்சை. பதினெட்டாவது வரி கிறிஸ்டின். டாக்டர் மருந்து எழுதியது 10.04. மருந்து ஏறியது 10.26. இருபத்திரண்டு நிமிடங்கள். பச்சை.

அறிக்கையை அனுப்பிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாங்கள் அவசரப் பிரிவில் நம்பர் எடுத்தது காலை 7.12க்கு.

சில மாதங்கள் கழித்து, கேன்டீனில் சிஸ்டர் ஷாமளா எதிரில் வந்து உட்கார்ந்தார். அவசரப் பிரிவு வாசலில் காய்ச்சல் பார்ப்பவர் அவர்தான்.

"சாப்டீங்களா பிரெட்ரிக்? பொய் சொல்லாதீங்க. சட்டைக்குள்ள ஆளே இல்ல."

பர்ஸிலிருந்து சீட்டை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நம்பர் மெஷினில் வரும் சீட்டு. முன்பக்கம் நம்பரும் நேரமும் அச்சாகியிருக்கும். பின்பக்கம் பேனாவால் 39.6 என்று எழுதியிருந்தது. அதன் கீழே சின்னதாக 7.16.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"என் எழுத்து."

"தெரியும் சிஸ்டர். சண்டைக்கு வரல. காய்ச்சல் பார்த்தது ஏழு பதினாறு. கம்ப்யூட்டர்ல 9.58ன்னு இருக்கு. அது ஏன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னார். வாசலில் ஒரே ஒரு கணினி. ஓர் ஆளைப் பதிய நான்கு நிமிடம் பிடிக்கும். காலையில் முப்பது பேர் நிற்பார்கள். அதனால் காய்ச்சலையும் நேரத்தையும் சீட்டின் பின்னால் எழுதி, சீட்டை நோயாளியிடமே கொடுத்துவிடுவார்கள். நம்பர் கூப்பிடும்போது அதைப் பார்த்துக் கணினியில் தட்டுவார்கள். தட்டும் நேரத்தைத்தான் கணினி போடும். மாற்றலாம். அதற்கு மூன்று திரை தாண்டிப் போக வேண்டும், யாரும் போவதில்லை. தட்டியதும் சீட்டு குப்பைக்கு.

"உங்க சீட்டை வாங்க மறந்துட்டேன். அவங்களைத் தூக்கிட்டு ஓடற அவசரம்." மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "என்ன செய்யப் போறீங்க?"

"உங்க பேரு வராது சிஸ்டர்."

"அதைக் கேக்கல லா."

நம்பர் மெஷினுக்கென்று தனியாக ஒரு பதிவு உண்டு. அதை யாரும் திறந்ததே இல்லை. எட்டு மாதப் பதிவை எடுத்து, நம்பரை நம்பரோடு பொருத்தி, நோயாளிகளின் பதிவில் சேர்த்தேன். டாக்டர் மருந்து எழுதியதிலிருந்து இல்லாமல், ஆள் வந்து நம்பர் எடுத்ததிலிருந்து அளந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்கள் தொண்ணூற்றேழு பேர்.

முப்பத்தொரு சதவீதம்.

நண்பன் செல்வா போனில் சொன்னான்: "செடெனாக் டேட்டா சென்டர்ல ஆள் எடுக்கறாங்கடா. நல்ல சம்பளம். இந்தக் கணக்கைக் கொண்டுபோய் கூட்டத்துல வச்சேன்னா, நீ எப்படியும் வேலையை விட்டுத்தான் ஆகணும். விட்டுட்டே போயிடு."

"கூட்டம் முடியட்டும்," என்றேன்.

கூட்டத்தில் ஒன்பது பேர். தலைமை, மருத்துவ இயக்குநர் டாக்டர் சுபத்திரா. அவசரப் பிரிவுத் தலைவர் டாக்டர் தேவானந்தன். தாதியர் சார்பாக ஷாமளா. நான் கேட்டது ஒன்றுதான். கடிகாரம் நம்பர் சீட்டிலிருந்து ஓட வேண்டும்.

தேவானந்தன் கடைசிப் பக்கம் வரை படித்தார். கோபமில்லாமல்தான் பேசினார்.

"நம்பர் மெஷின் மருத்துவப் பதிவு இல்ல மிஸ்டர் பிரெட்ரிக். ஒருத்தன் நம்பர் எடுத்துட்டு, கேன்டீன்ல போய் நாசி லெமாக் சாப்பிட்டுட்டு வந்திருப்பான். அதுக்கும் நான்தான் பொறுப்பா?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"எல்லாரும் சாப்பிடப் போகல டாக்டர்."

"போகலைன்னு எப்படித் தெரியும்? வந்த உடனே காய்ச்சல் பார்த்தாங்க, நாங்கதான் காக்க வச்சோம்னு சொல்றீங்க. கம்ப்யூட்டர்ல அப்படி இல்ல. சீட்டுல எழுதறாங்கன்னு சொல்றீங்க. சரி. ஒரு சீட்டு காட்டுங்க. முந்நூத்துப் பன்னிரண்டு வேணாம். ஒண்ணு."

பர்ஸை எடுத்தேன். சீட்டை மேசையில் வைத்து அவர் பக்கம் தள்ளினேன்.

அச்சு வெளுத்துப் போயிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் 7.12ஐப் படித்தார். பின்பக்கம் திருப்பினார். பேனா எழுத்து அப்படியே இருந்தது.

"இது யாரோடது?"

"என் மனைவியோடது. அந்த முந்நூத்துப் பன்னிரண்டுல அவ இல்ல. அவ வரியை எடுத்துட்டுத்தான் கணக்குப் போட்டேன்."

தேவானந்தன் மறுபடியும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பின்னாடி எழுதினது யாரு?"

நான் ஷாமளா பக்கம் திரும்பவில்லை. அவரே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

"நான்தான் டாக்டர். ஏழு பதினாறுக்கு எழுதினேன். பத்து மணிக்குத்தான் டைப் பண்ணேன். தினமும் அப்படித்தான். சீட்டுல நாங்க யாரும் லேட் இல்ல. ஆனா நாங்க டைப் பண்ணாத வரைக்கும் உங்களுக்கு அந்த ஆள் வரவே இல்ல. உள்ள உக்காந்து திரையைப் பார்க்கறீங்க, வெளிய யாரும் இல்லைன்னு நினைக்கறீங்க. எனக்கு மெமோ கொடுக்கறதுன்னா கொடுங்க. ஆனா இன்னொரு கம்ப்யூட்டரும் கொடுங்க."

தேவானந்தன் சீட்டைக் கீழே வைக்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்து, என் கையிலேயே கொடுத்தார்.

"அன்னைக்கு டியூட்டி நான்தான்," என்றார். "இருபத்திரண்டு நிமிஷம். நல்லா வேலை செஞ்சோம்னு நினைச்சேன்."

டாக்டர் சுபத்திரா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வரவேற்பறையில மாட்டியிருக்கறதை இன்னைக்கே இறக்குங்க. அதே சட்டத்துல முப்பத்தொண்ணு போடுங்க."

"ஜனங்க பார்ப்பாங்களே டாக்டர்," என்றார் விளம்பரப் பிரிவுக்காரர்.

"பார்க்கட்டும். சதவீதம் ஏறும்போதும் பார்ப்பாங்க."

ஷாமளாவுக்கு மெமோ வரவில்லை. சக்கரம் வைத்த இரண்டு கணினிகள் வந்தன. வாசலில் காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் மூன்றை மட்டும் உடனே தட்டினால் போதும், மற்றதெல்லாம் பிறகு என்று தேவானந்தனே விதியை மாற்றினார். அந்த மூன்றும் மோசமாக இருந்தால் டாக்டரின் கைபேசி அலறும். அந்தச் சத்தத்தை அவரே தேர்ந்தெடுத்தார். சகிக்க முடியாத சத்தம்.

முதல் மாதம் முப்பத்தெட்டு. பிறகு ஐம்பத்திரண்டு. பிறகு எழுபத்தொன்று. ஒவ்வொரு முதல் தேதியும் வரவேற்பறைச் சட்டத்தில் தாளை நானே மாற்றினேன். காவலாளி கமலநாதன் பக்கத்தில் நின்று பார்ப்பார். "இந்த மாசம் எவ்வளவு பாஸ்?" என்பார், பந்தாட்ட முடிவு கேட்பதுபோல. ஆறாவது மாதம் எண்பத்தொன்பது என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

விதி மாறுவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் ரத்தத்தில் கிருமி பரவி இறந்தவர்கள் பதினான்கு பேர். இந்த ஆறு மாதத்தில் ஐந்து பேர். பெயர்ப் பட்டியலை மூன்று முறை சரிபார்த்தேன். ஐந்துதான். நாற்காலியிலிருந்து எழுந்து, ஜன்னல் வரை போய், திரும்பி வந்து நான்காவது முறையும் பார்த்தேன்.

அன்று மத்தியானம் ஷாமளா கூப்பிட்டார். "மூணாவது மாடிக்கு வாங்க. கேள்வி கேக்காதீங்க."

வார்டில் வீரமுத்து என்று ஒருவர். அறுபது வயது, செடெனாக் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. நான்கு நாளுக்கு முன் 39.8 காய்ச்சலோடு, மகள் தோளில் சாய்ந்தபடி வந்தாராம். நம்பர் எடுத்த முப்பத்து நாலாவது நிமிடம் மருந்து ஏறியிருக்கிறது. நான் போனபோது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது கஞ்சியா தண்ணியா சிஸ்டர்? நாலு நாளா இதே." என்னைப் பார்த்தார். "தம்பி டாக்டரா?"

"இல்லைங்க. கம்ப்யூட்டர் வேலை."

"அலமாக், நல்லதா போச்சு. இந்த டிவி காலையிலேருந்து வரல. பாருங்க லா."

பின்னால் ஒயர் கழன்றிருந்தது. மாட்டினேன். படம் வந்தது.

"கெட்டிக்காரன்," என்று மகளிடம் சொன்னார் வீரமுத்து.

படிக்கட்டுக்கு வந்ததும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. ஷாமளா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அந்த சனிக்கிழமை மூவாருக்குப் போனேன். கிறிஸ்டினின் அம்மா அந்தோணியம்மாள் அங்கே இருக்கிறார். அடக்கத்தன்று அவர் என்னிடம் கேட்டிருந்தார், கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று. "மாதாவே" என்று சொன்னாள் என்றேன். ஓராண்டு நினைவு அட்டையில் அதை அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்த அட்டை மாதா படத்துக்குக் கீழே இருந்தது.

ஐந்து, பதினான்கு, வீரமுத்து, டிவி எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டையும் காட்டினேன். அத்தை அதைக் கையில் வாங்கி, பின்பக்கத்தை விரலால் தடவினார்.

"அத்தை, நான் அன்னைக்குச் சொன்னது பொய். அவ மாதாவேன்னு சொல்லல."

"தெரியும் மாப்ள," என்றார். "அவ கோயில்லயே வாயைத் திறக்க மாட்டா. என்னதான் சொன்னா?"

சொன்னேன். ஷாமளா காய்ச்சல் பார்த்து முடித்த பிறகு, நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். அவள் சீட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டரை மணி நேரம் தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடுவதற்கு முன் சொன்னது இவ்வளவுதான்:

"இதைத் தொலைச்சுடாதீங்க. திரும்பக் கேப்பாங்க."