கடைசி இரண்டு துண்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. ஒரு விழாவில் எனக்கு வந்த கேக் துண்டு, பக்கத்து நாற்காலி எழுத்தாளருக்கு வந்ததில் பாதிதான் இருந்தது. அவர் எழுதுவதிலும் பாதிதான் தேறும், அது வேறு விஷயம். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

அந்தி வெயில் ஜன்னல் வழியே சதுரமாக விழுந்து...

சே, வேண்டாம். வெயிலுக்கு இங்கே வேலையில்லை.

மறுபடி. கட்டட வரைபடம் போடும் ஓர் ஆபீஸ். பெருக்கித் துடைக்கும் அக்காவுக்கு இன்று கடைசி நாள், இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு. அவருக்காகத்தான் மேசைமேல் அந்தச் சதுர கேக். வெட்டும் பொறுப்பு வரைவாளருக்கு. மூலைமட்டம் வைத்திருப்பவர் அவர்தானே!

"முக்கோணமா வெட்டுய்யா," என்றார் மேனேஜர். "பதவிக்குத் தக்க அளவு. ரெண்டு துண்டு ஒரே மாதிரி வந்துடக்கூடாது. போன தடவை அப்படி வந்து, அக்கவுண்டன்ட் மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தாரு. ஒழுங்கா செஞ்சேன்னா, சீனியர் பதவிக்கு உன் பேரை இன்னிக்கே அனுப்பிடறேன்."

அந்தப் பதவிக்காக ஒன்பது வருஷமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறார் வரைவாளர். (இவரை இன்னும் கொஞ்சம் நல்லவராக எழுதலாமா என்று யோசித்தேன். என் துண்டு ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.)

3

மூலைவிட்டத்தில் ஒரு வெட்டு. பாதி மேனேஜருக்கு. மிச்சத்தில் பாதி இன்ஜினியருக்கு. அதிலும் மிச்சத்தில் பாதி அக்கவுண்டன்ட்டுக்கு. இன்னும் ஒரே ஒரு வெட்டு. கடைசியில் ரெண்டு துண்டு: ஒன்று வரைவாளருக்கு, ஒன்று அக்காவுக்கு. மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். ரெண்டும் அச்சு அசலாக ஒரே அளவு.

போச்சுடா!

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் சதுரத்தை இந்த மாதிரி முக்கோணங்களாக வெட்ட வழி இருக்கிறதாம், கணக்குத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். பாதி பாதியாக வெட்டுகிறவருக்கு அது கிடைக்காது. கடைசி ரெண்டும் எப்போதும் சமம். பதவி தெரியாத வடிவம், என்ன செய்வது.]

4

மேனேஜர் ஃபோன் பேசத் திரும்பினார். வரைவாளர் அக்காவின் துண்டை இன்னொரு தடவை ரெண்டாக்கினார். ஒரு பாதியை அக்கா தட்டில் வைத்தார். மறுபாதியை லபக்கென்று தன் வாயில் போட்டுக்கொண்டார். ஆகா, இப்போது தட்டில் இருக்கும் ஐந்தும் ஐந்து அளவு.

"சபாஷ்!" என்றார் மேனேஜர். "பேரை அனுப்பிடலாம்."

அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு வரைவாளர் பக்கத்தில் வந்தார்.

"வாயைத் தொடைச்சுக்கோ தம்பி," என்றார் மெதுவாக. "கிரீம் ஒட்டியிருக்கு."

வரைவாளர் ஏதாவது சொல்ல வேண்டும். வாய் நிறைய கேக்.

5

முடிவு ரெண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் தன் துண்டை அக்காவின் தட்டில் வைத்து, மேனேஜர் முன்னாலேயே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். இன்னொன்றில் வாயைத் துடைத்துக்கொண்டு, "தேங்க்ஸ்க்கா," என்கிறார். எண்ணிப் பார்த்தேன். ரெண்டும் பத்துப் பத்து வரி, ஒரே அளவு. பக்கத்து நாற்காலிக்காரர் படித்தால் சிரிப்பார்.

அதனால் ஒன்றை விழுங்கிவிட்டேன்.

எதை என்று கேட்காதீர்கள். அக்கா இன்னும் தட்டோடு அங்கேயேதான் நிற்கிறார். மிச்சமிருக்கும் முடிவை அதில் நீங்களே வையுங்கள். என் வாயை மட்டும் பார்க்காதீர்கள்.