முப்பத்தொரு வாக்குமூலமும் ஒரு பிளக்கும்

வக்கீல் விநாயகமூர்த்தியின் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் இருபத்து நான்கு வருடமாக டைப் அடிக்கும் மீனலோசனி, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் முதலாளியிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். புதன்கிழமை அவர், "டிஸ்கெட்டிலையும் ஒரு கொப்பி எடுத்து வைச்சிட்டீரோ?" என்று கேட்டார். இவள் தலையை ஆட்டிவிட்டாள். எடுக்கவே இல்லை. டிஸ்கெட்டைச் சொருகியதும் அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ கத்தியது, பயந்துபோய் உருவிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் உயிரை விட்டது.

அதற்குள்ளே முப்பத்தொரு குடும்பத்தின் வாக்குமூலம் இருந்தது. ரவாங் பக்கத்தில் தோட்டத்தை வாங்கியவன், லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகளைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருந்தான். திங்கள் காலை கோர்ட்டில் இவற்றைக் கொடுக்காவிட்டால், அந்த வாரமே வீடுகளை இடித்துவிடுவார்கள். இரண்டு மாதம் உட்கார்ந்து கேட்டு எழுதியது. எழுதிய தாள் எங்கே என்றால், அதுதான் கொடுமை. டைப் அடித்து முடிந்ததும் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது அந்த ஆபீஸ் வழக்கம். எதிர்க்கட்சி கையில் சிக்கிவிடக் கூடாதாம். மகராசி, ஒரு எழுத்துக்கூட மிஞ்சாமல் பொடிப்பொடியாகக் கிழித்திருந்தாள்!

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரைக் கீழ்மாடியில் இருக்கும் வாசுவின் ரிப்பேர் கடைக்கு இறக்கினார்கள். விநாயகமூர்த்தி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். எப்போது வேண்டுமானாலும் வந்துவிடுவார்.

"பவர் சப்ளை போச்சு ஆன்டி, உள்ள கரண்ட் குடுக்கிற பெட்டி," என்றான் வாசு. "இந்தப் பிராண்டுக்காரன்கிட்ட கேட்டா மூணு வாரம் ஆகும்கிறான். நீங்க பயப்படாதீங்கலா. எல்லாம் ஒரே பிளக்குதான். என்கிட்ட இருக்கிற புதுசையே போட்டுறலாம்."

புது சப்ளையின் பிளக்கைக் கம்ப்யூட்டருக்குள் இருந்த சாக்கெட்டில் அழுத்தினான். சடக்கென்று உள்ளே உட்கார்ந்தது.

"பாத்தீங்களா? அளவெடுத்துத் தச்ச மாதிரி!"

அவன் கை சுவிட்சுக்குப் போனது. மீனலோசனி பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். ஏன் பிடித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவ்வளவு பயம்.

"பொறும் தம்பி! ஒருக்கா ஒப்பிட்டுப் பாக்காமல் நான் எதையும் விடமாட்டன்."

அவள் மேசையிலிருந்து ஒரு தாள் போகிறதென்றால், ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் நகலில் சிவப்புப் பென்சிலால் கோடு போட வேண்டும். அதே பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டாள். பழைய சப்ளையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, புதியதின் பிளக்கைக் கழற்றச் சொன்னாள்.

"நீர் அந்த வயருகளின்ர நிறத்தை வரிசையா வாசியும்."

"வயரையுமா செக் பண்ணுவீங்க?" வாசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சரி. மொத வயர் ஆரஞ்சு."

"இதில சிவப்பு."

"ஒவ்வொரு ஃபேக்டரிக்காரனும் ஒவ்வொரு கலர் போடுவான் ஆன்டி. ரெண்டாவதும் ஆரஞ்சு."

"இதில கறுப்பு."

சிரிப்பு நின்றது. எந்த ஃபேக்டரியானாலும் கறுப்பு வயரில் கரண்ட் வராது என்பது வாசுவுக்குத் தெரியும். பிளக் ஒன்றுதான், உள்ளே வயர் வரிசை வேறு. கரண்ட் வரக் கூடாத இடத்தில் கரண்டை விட இருந்தான். மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ ஆன்டி. போன வாரம் கிள்ளான்ல, தனலெட்சுமி அக்கான்னு ஒருத்தவங்க டைப்பிங் கிளாஸ் நடத்துறாங்க. இதே பிராண்டு. இதே மாதிரிதான் போட்டேன். குப்புன்னு புகை வந்து எல்லாம் கருகிருச்சு. ஏன்னு இப்பத்தான் தெரியுது. இடி விழுந்து முன்னாடியே போயிருச்சுன்னு சொல்லிட்டேன். அவங்க நம்பிட்டாங்க. அழுதாங்க ஆன்டி."

அந்தப் புகை தன் முகத்திலேயே அடித்தாற்போல இருந்தது மீனலோசனிக்கு. அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிவிட்டது.

"என்னட்டயும் கொப்பி இல்லை தம்பி! வக்கீல் சேரிட்டப் பொய் சொல்லிட்டன். இதுக்குள்ள இருக்கிறது போனா அந்தச் சனமெல்லாம் றோட்டிலதான்!"

வாசு வாயைப் பிளந்தான். "அடக் கடவுளே! ஃபைலுதான் வேணும்னு மொதல்லயே சொல்லக் கூடாதா? மெஷின் ஓடணும்னுதானே சொன்னீங்க! ஹார்ட்டிஸ்க்க மட்டும் கழட்டி என் கம்ப்யூட்டர்ல மாட்டுனா போதும்லா!"

மாட்டினான். திரை கறுப்பாகவே கிடந்தது. மீனலோசனி முருகா முருகா என்று முணுமுணுத்தாள். பிறகு எழுத்து வந்தது. முதல் பக்கம், வீரம்மா, பதினாலாம் நம்பர் வீடு. கண்ணைத் துடைக்கத் துடைக்கத் தண்ணீர் வந்தது. பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் தள்ள ஆரம்பித்தது.

தைரியம் வந்ததும் டைப்பிஸ்டம்மாவுக்கு நியாயமும் வந்துவிட்டது.

"இப்ப அந்தத் தனலெட்சுமிக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லும்."

"கடை பேரே நாறிடும் ஆன்டி."

"நாறட்டும். செய்த பிழையைச் சொல்லத்தான் வேணும். எடும் போனை."

வாசு நம்பரைச் சுழற்றினான். மணி போய்க்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு விநாயகமூர்த்தி உள்ளே வந்தார். கல்யாண வீட்டுச் சந்தனம் இன்னும் நெற்றியில் காயவில்லை. திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் மாறியது. பிரிண்டரில் வரும் தாளைப் பார்த்ததும் திரும்பவும் மாறியது.

"நல்ல காலம்! நீர் டிஸ்கெட்டில கொப்பி எடுத்து வைச்சபடியால தப்பினம். என்ன?"

போனைக் காதில் வைத்தபடியே வாசு மீனலோசனியைப் பார்த்தான். "ஹலோ, யாரு பேசுறது?" என்று ஒரு பெண்ணின் குரல் உள்ளிருந்து மெல்லக் கேட்டது.

"ஓம் சேர்," என்று தலையை ஆட்டினாள் மீனலோசனி.

வாசு போனை வைத்துவிட்டான்.