கசிப்பில் உப்பு இல்லை

காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்படிக்கும் முன்பே அம்மாக்கண்ணு அம்மியில் கீழாநெல்லியை அரைத்துவிடுவாள். ஆட்டுப்பாலில் கலந்த அந்தப் பச்சைக் குழம்பை அவள் புருஷன் செல்லசாமி கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவான். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் அந்த லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சுவர்தான். யார் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பது தெரியாமல் இருக்குமா?

செல்லசாமிக்குக் கண் மஞ்சள், வயிறு வீக்கம். பத்தியத்தில் மட்டும் அவனை அடிக்க ஆளில்லை. உப்பு கிடையாது, புளி கிடையாது. மாரியம்மன் திருவிழா அன்றுகூடக் கறிச்சட்டியைத் தள்ளி வைத்தான். சாயங்காலமானால் கூட்டாளி ஆண்டியப்பனோடு ஆற்றங்கரைக்குப் போய், களவாய்க் காய்ச்சும் கசிப்புச் சாராயத்தைக் குடித்துவிட்டு வருவான்.

"அது பத்தியத்துல சேராதாக்கும்?" என்றாள் அம்மாக்கண்ணு.

"அதுல உப்பு இருக்கா, புளி இருக்கா? ராத்திரி கெட்டத காலையில பச்சிலை கழுவிரும். நீ அரைக்கிற வேலையப் பாரு."

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் பரமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"ஈரல் கல்லாப் போகுது. பச்சிலையைக் குடிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. அதிலை என்ன குணம் இருக்கெண்டு படிச்ச ஆக்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கினம். கசிப்பை முதல்ல நிப்பாட்டும்."

பச்சிலையைப் பற்றிச் சொன்னது மட்டும் செல்லசாமியின் காதில் ஏறியது. ஆண்டியப்பனுக்கும் கண் மஞ்சளித்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவனை நிறுத்திப் பச்சிலையும் கொடுத்தான், பத்தியமும் சொன்னான். காலையில் கீழாநெல்லி, மாலையில் கசிப்பு என்று இருவருக்கும் பொழுது சுகமாய்ப் போனது. ஐப்பசி மழையில் ஆண்டியப்பன் ரத்தமாய் வாந்தி எடுத்தான். மறுநாளே போய்விட்டான்.

கசிப்பு வாடையோடு பாடையைத் தூக்கக் குனிந்தான் செல்லசாமி. செத்தவனின் பெண்சாதி மீனம்மா சண்டைக்கு வரவில்லை. விவரம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அண்ணே, நீங்க சொன்னபடிதான் வச்சிருந்தேன். ஒரு கல்லு உப்பு சேக்கல. பத்தியத்துல நான் எங்க தவறிட்டேன், சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். செல்லசாமி பாடையிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தான்.

"நீ தவறலம்மா. நான்தான் பத்தியத்த தப்பா சொல்லிட்டேன்."

அடுத்த மாதம், மேல் லயத்துச் சோலைமலை மஞ்சள் கண்ணோடு பச்சிலை கேட்டு வந்தான். செல்லசாமியின் வயிறு இன்னும் வற்றவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் போவதுதான் நின்றிருந்தது.

"மொத பரமலிங்கம் ஐயாகிட்ட காட்டிட்டு வா. கசிப்ப விட்டுட்டு வா. பச்சிலை ஈரலுக்குத் தொணையா நின்னாலும் நிக்கும். தெனம் வெசம் ஊத்துற கைய அது புடிச்சு நிறுத்தாது. அத நாமதான் நிறுத்தணும். உப்பு, புளியப் பத்தி அப்புறம் பேசுவோம்."