தண்ணீர் வடியாத இடம்

மருமகள் பிடுங்கிவந்து வாசலில் போட்ட கன்றைக் கிழவர் காலாலேயே புரட்டிப் பார்த்தார். வேர் கறுத்து அழுகியிருந்தது. நட்ட நாலாயிரமும் இப்படித்தான் என்றாள்.

கரையோரத்தில் அலையாத்திக் காடு வளர்க்க அந்தக் கரைக்காரர்களையே சேர்த்துக்கொண்ட திட்டம் அது. முப்பது பெண்களுக்கு இவள் தலைவி. இடம் காட்ட ஆள் தேடி அதிகாரிகள் வந்தபோது, எங்கள் மாமா மிதிக்காத சேறு கிடையாது என்று கிழவரைக் கைகாட்டியதும் இவள்தான்.

காகிதத்தோடு வருகிறவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. முன்பு வடக்கே உப்பங்கழியில் இப்படித்தான் மரம் வைத்தார்கள். அது தலையெடுத்ததும் கம்பிவேலி போட்டு, வலையோடு வந்தவர்களை விரட்டினார்கள். வலை போட மிச்சமிருப்பது ஒரே மேடு. கடல்நீர் ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் காயும், கன்றுக்கென்றே அமைந்த மண். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதற்கு அப்பால் ஒரு பள்ளம், மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் தண்ணீர் விலகித் தலைகாட்டும். அந்த நாளாகப் பார்த்து அதிகாரிகளைக் கூட்டிப்போய்ப் பள்ளத்தைக் காட்டிவிட்டு வந்தார். இடுப்பளவு தண்ணீரில் நட்ட பெண்கள் முணுமுணுத்தபோது, பெரியவர் காட்டின இடம் என்று மருமகளே அவர்கள் வாயை அடைத்தாளாம்.

"நாளைக்கு அதிகாரி வர்றாரு மாமா. ஆழமா நடச் சொன்னது நான்தான், என் தப்புன்னு எழுதிக் குடுத்துடுறேன். மத்தவங்க வேலையாவது தப்பும்" என்றாள்.

ஒரு 'உம்' போட்டிருந்தால் போதும், தப்பித்திருப்பார்.

"ஆழமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இடம்தான் ஆகாது. தெரிஞ்சேதான் காட்டினேன். வேலி போட்டுடுவானுங்கன்னு..."

அவள் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலி போட மாட்டோம், வலைக்கு வழி விடுவோம்னு முதல் கூட்டத்துலயே எழுதி வாங்கிட்டேன் மாமா. படிச்சுக் காட்டத்தான் வந்தேன். காகிதத்தை எடுத்துக்கிட்டு கிட்ட வராதேன்னீங்க."

"அப்ப நாளைக்கு என் பேரச் சொல்லு."

"மாமனார் பேர எப்படி எழுதுவேன்?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிழவர் மேட்டுக்குப் போனார். வற்றம் முடிந்து மண் வெறுமையாகக் கிடந்தது. விதை விழும் காலம் போய்விட்டது, இனி நடுவதென்றால் அடுத்த வருஷம்தான். அந்தப் பக்கம், அன்று தண்ணீர் விலகியிருந்த பள்ளத்தில், செத்த குச்சிகள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நின்றன. பள்ளத்துக்கு அப்பால் கரையில் ஜீப் வந்து நின்றது. பெண்கள் ஒதுங்கிக்கொள்ள, மருமகள் மட்டும் கையில் காகிதத்தோடு முன்னே போனாள். அவள் அதைக் கொடுப்பதற்குள் போய்ச்சேர வேண்டும், சுற்றிப்போக நேரமில்லை. கிழவர் குறுக்கே பள்ளத்தில் இறங்கினார். சேறு முழங்காலைப் பிடித்தது. ஒரு காலைப் பிடுங்குவதற்குள் மற்றது புதைந்தது. ஜீப்பின் கதவு திறந்தது. ஏற்றத்தின் முதல் தண்ணீர் அவரைச் சுற்றிச் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது.